மேய்க்கால் நிலமும் ஞாயிற்றுக்கிழமை விமானங்களும்: கிராம சபைக்கு ஒரு திறந்த மடல்

தலைவர் அம்மா அவர்களுக்கும், மன்ற உறுப்பினர்களுக்கும், அக்டோபர் 2 கிராம சபையில் கூடப்போகிற பெரியவர்கள், தாய்மார்கள், இளைஞர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

ஏரிக்கரைக்குப் பின்னால் இருக்கிற மேய்க்கால் புறம்போக்கில் ஞாயிற்றுக்கிழமை காலையில், தரையில் நின்று ரேடியோவில் ஓட்டுகிற சின்ன விமானங்களை விடுகிற கூட்டத்தில் நானும் ஒருவன். ஊரில் எங்களை “குட்டி பிளேன்காரங்க” என்று சொல்வீர்கள், எங்களுக்கும் அந்தப் பெயர் பிடிக்கும். இந்தக் கிராம சபையில் எங்களை இனிமேல் அங்கே விடக் கூடாது என்று ஒரு தீர்மானம் வரப்போவதாகக் கேள்விப்பட்டோம். நாங்கள் உங்கள் ஊர் வாக்காளர்கள் இல்லை. சபையில் எழுந்து நின்று பேச எங்களுக்கு உரிமை கிடையாது, அது நியாயமும்கூட. அதனால் எழுதுகிறேன். தீர்மானம் எதுவாக இருந்தாலும் இதை ஒரு தடவை படித்துவிட்டு எடுங்கள் என்பதுதான் வேண்டுகோள். ஒளித்துப் பேச எதுவும் இல்லை என்பதால் எல்லோரும் பார்க்கிற மாதிரியே எழுதுகிறேன்.

முதலில் நடந்த விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் ஒரு புதன்கிழமை சாயங்காலம் மேற்குத் தெரு வீடுகளுக்கு மேல் ஒரு ட்ரோன் வந்து நின்றிருக்கிறது. அப்புறம் தோட்டத்துப் பக்கம் போய், தொட்டியில் பெண்கள் குளித்துக்கொண்டிருந்த இடத்துக்கு மேலே அசையாமல் கொஞ்ச நேரம் நின்றிருக்கிறது. கேமரா தெரிந்ததாகச் சொன்னார்கள். கேட்டபோது எனக்கு வயிறு எரிந்தது, எனக்கும் இரண்டு மகள்கள் இருக்கிறார்கள். யார் செய்திருந்தாலும் அது காவல் நிலையத்தில் புகார் கொடுக்க வேண்டிய தப்பு. ஊர் கோபப்பட்டதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அது நாங்கள் இல்லை.

என் வாய் வார்த்தையை நம்புங்கள் என்று கேட்கவில்லை. நீங்களே பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். ட்ரோன் என்று எல்லோரும் சொல்வது நாலு விசிறி வைத்தது. விசிறி காற்றைக் கீழே தள்ளுகிறது, அது மேலே நிற்கிறது, விட்ட இடத்தில் அப்படியே நிற்கும், உள்ளே இருக்கிற ஜிபிஎஸ் அதைப் பிடித்து வைத்திருக்கும். எங்கள் விமானத்துக்கு இறக்கை இருக்கிறது. அந்த இறக்கை முன்னால் போய்க்கொண்டே இருந்தால்தான் தூக்கும். சைக்கிள் மாதிரிதான், ஓடுகிற வரைக்கும் நிற்கும், நிறுத்தினால் சாயும். ஒரு வீட்டுக்கு மேல் நின்று எட்டிப் பார்க்க அதனால் முடியவே முடியாது. எங்களில் இரண்டு பேர் ஹெலிகாப்டர் விடுகிறார்கள், அது நிற்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அதிலோ மற்ற எதிலுமோ கேமரா கிடையாது. எங்கள் சங்கத்தில் கேமரா வைத்த எதையும் இந்த நிலத்துக்குக் கொண்டுவரக் கூடாது என்று நாங்கள் வந்த முதல் வருஷமே எழுதி வைத்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். புதன்கிழமை சாயங்காலம் நாங்கள் இருபத்து மூன்று பேரும் அவரவர் பட்டறையிலோ, கடையிலோ, வகுப்பிலோதான் இருப்போம்.

நாங்கள் யார் என்பதையே இத்தனை வருஷத்தில் ஊருக்குச் சரியாகச் சொல்லவில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. பக்கத்தில் இருந்துகொண்டு வணக்கம் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தோம். அது எங்கள் தப்பு. இப்போது சொல்கிறேன்.

சங்கத்தை ஆரம்பித்தவர் கோயம்புத்தூரில் பவுண்டரிகளுக்கு மரத்தில் பேட்டர்ன் செய்துகொடுத்த ஒருவர். எங்களுக்கு அவர் ஆசாரி ஐயா. மோட்டார் பம்பு வார்ப்படத்துக்கு அச்சு செதுக்குகிற கை, அதே கையால் விமான இறக்கைக்கு ரிப், அதாவது விலா எலும்பு மாதிரியான உள்சட்டம், செதுக்கினார். அவரோடு ஒரு கல்லூரி என்.சி.சி. விமானப் பிரிவு வாத்தியார், ஒரு லேத்துக்காரர், மோட்டார் ரீவைண்டிங் செய்கிற ஒருவர், ஆக நாலு பேர். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கல்லூரி மைதானத்தின் மூலையில் தொடங்கினார்கள். அப்போது ரேடியோ எல்லாம் கிடையாது. இரண்டு மெல்லிய கம்பியில் விமானத்தைக் கட்டி, கையில் பிடியை வைத்துக்கொண்டு, நடுவில் நின்று தானும் சுற்றிக்கொண்டே விமானத்தையும் சுற்ற விடுவது. இப்போதும் என்.சி.சி. மாணவர்கள் அகில இந்திய வாயு சைனிக் முகாமில் அதில் போட்டி போடுகிறார்கள். என்ஜின் கட்டைவிரல் அளவுதான் இருக்கும். கல்கத்தாவில் தயாரான அரோரா என்ஜின் ஒன்றை நாலு பேரும் மாற்றி மாற்றி ஓட்டியிருக்கிறார்கள். ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றும் கலந்த எரிபொருள். அந்த விளக்கெண்ணெய்ப் புகை வாசம் சட்டையில் ஒரு வாரம் இருக்கும், எனக்கு இன்றைக்கும் அந்த வாசம் வந்தால் ஆசாரி ஐயா ஞாபகம்தான்.

விமானத்துக்கென்றே உள்ள மரம் பால்சா. தென்னமெரிக்காவில் ஈக்வடாரிலிருந்துதான் பெரும்பாலும் வருகிறது, அந்த விலைக்கு அப்போது வாங்க முடியாது. ஐயா வேலி ஓரத்துக் கல்யாண முருங்கையை அறுத்து, நிழலில் காயவைத்து, இழைத்து இழைத்து மெல்லிசாக்கிப் பயன்படுத்தினார். மேலே பட்டம் ஒட்டுகிற காகிதம். அப்புறம்தான் ரேடியோ வந்தது, துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ யாராவது ஊருக்கு வரும்போது ஒரு செட் வரும்.

அந்த ரேடியோ செட்டைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் சங்கத்தில் இத்தனை கட்டுப்பாடு ஏன் என்பது அதில்தான் இருக்கிறது. அந்தக் காலத்து செட்டில் ஒவ்வொன்றுக்கும் ஒரு அலைவரிசை, அதற்கு ஒரு கிரிஸ்டல். ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் செட்டைப் போட்டுவிட்டால், மேலே பறக்கிற விமானம் யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் விழுந்துவிடும். அதனால் மைதானத்தில் ஒரு பலகை இருக்கும். ஒவ்வொரு அலைவரிசைக்கும் ஒரு துணி கிளிப். கிளிப்பை எடுத்து உன் ஏரியலில் மாட்டிக்கொண்டால்தான் செட்டை ஆன் பண்ணலாம், பலகையில் கிளிப் இல்லை என்றால் காத்திருக்க வேண்டும், பெரிய மனுஷன் சின்னவன் கிடையாது. ஒரு நாள் புதிதாக வந்த ஒரு பையன் பலகையைப் பார்க்காமல் ஆன் பண்ணிவிட்டான். ஐயா ஆறு மாதமாக ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து செய்த ஈரடுக்கு இறக்கை விமானம் மூக்கு குத்தி மண்ணில் போய்ச் சொருகியது. எல்லோரும் உறைந்து நின்றோம். ஐயா நடந்து வந்து, “பலகையப் பாத்தியா கண்ணு?” என்று மட்டும் கேட்டார். அந்தப் பையன் நான்தான். இப்போதைய 2.4 கிகாஹெர்ட்ஸ் செட்டுகள் தானாகவே ஆளுக்கொரு வழி பார்த்துக்கொள்கின்றன, கிளிப்புக்கு வேலை இல்லை. ஆனாலும் அந்தப் பலகையை நாங்கள் இன்னும் வைத்திருக்கிறோம், இப்போது அதில் விமானம் விடுகிறவர் தன் பெயர் அட்டையை மாட்ட வேண்டும். ஒரே சமயத்தில் நாலு அட்டைக்கு மேல் மாட்ட இடம் கிடையாது.

கல்லூரி மைதானத்தில் கட்டடம் வந்தது. அங்கிருந்து ஊருக்கு வெளியே ஒரு வெட்டவெளிக்குப் போனோம், அது சைட் போட்டு வீடாகிவிட்டது. அடுத்த இடம் ஒரு பழைய கல்குவாரிப் பக்கம், காற்று சுழன்று அடிக்கும், அதையும் நான்கு வருஷம் சமாளித்தோம், பிறகு கம்பி வேலி போட்டுவிட்டார்கள். அப்புறம் கிணத்துக்கடவுக்குத் தெற்கே தேடித் தேடி வந்ததுதான் உங்கள் ஊர். வந்தபோது அந்த இடம் எப்படி இருந்தது என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும், முழுக்கச் சீமைக் கருவேலம். ஆடு மாடு உள்ளே போக முடியாது. அப்போதைய மன்றத்தின் சம்மதத்தோடு, ஊர் இளைஞர்களும் நாங்களும் சேர்ந்து மூன்று மாதம் வேரோடு பிடுங்கினோம், ஜேசிபி வாடகை சங்கம் கொடுத்தது. எங்களுக்குத் தேவைப்பட்டது எண்பது மீட்டர் நீளம், பத்து மீட்டர் அகலம். மீதி எல்லாம் இப்போது புல். அந்த நிலம் ஊருடையது, மாட்டுக்கானது. எங்களுடையது என்று ஒரு நாளும் நாங்கள் நினைத்ததில்லை.

இனி எங்களால் நடந்த தப்புகள். இதைச் சொல்லாமல் விட்டால் இந்த மடலுக்கு அர்த்தம் இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் விமானம் ஒன்று தக்காளித் தோட்டத்தில் விழுந்தது. பேட்டரி கனெக்டர் சரியாக அழுந்தவில்லை, மேலே போனதும் கழன்றுவிட்டது. விழுந்ததைவிட, எடுக்கப் போன எங்கள் பையன்கள் மூன்று பேர் செடியை மிதித்துக்கொண்டு ஓடியதுதான் பெரிய நஷ்டம். தோட்டத்துக்காரர் சத்தம் போட்டார், போட வேண்டியதுதான். பணம் கொடுத்தோம், ஆனால் காய் பிடிக்கிற நேரத்தில் ஒடிந்த செடிக்குப் பணம் ஈடாகாது என்று எங்களுக்கும் தெரியும். அதிலிருந்து விமானம் யார் காட்டில் விழுந்தாலும் ஒரே ஒருவர்தான் போவார், அதுவும் காட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு வரப்பு வழியாக. அவர் ஊரில் இல்லை என்றால் விமானம் அங்கேயே கிடக்கட்டும்.

ஒரு கன்றுக்குட்டி என்ஜின் சத்தத்தில் மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. இப்போது எண்ணெய் என்ஜின் விமானங்களை எட்டு மணிக்கு முன்னால் எடுப்பதில்லை, மாடு பக்கத்தில் இருந்தால் எட்டு மணிக்கு அப்புறமும் எடுப்பதில்லை, சைலன்சர் இல்லாத என்ஜினுக்கு இடமே இல்லை. பெரும்பாலானவை இப்போது பேட்டரி மோட்டார்தான். அந்தப் பேட்டரியாலும் ஒரு தடவை ஆபத்து வந்தது. லித்தியம் பாலிமர் பேட்டரி, நாங்கள் லைப்போ என்போம், அடிபட்டு நசுங்கினால் தீப்பிடிக்கும், தண்ணீர் ஊற்றி உடனே அடங்காது. ஒரு பங்குனி மாதம் விழுந்த விமானத்திலிருந்து காய்ந்த புல் பற்றிக்கொண்டது. மணல் வாளி பக்கத்தில் இருந்ததால் ஒரு சாண் இரு சாண் இடத்தோடு போயிற்று. இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் உடம்பு நடுங்குகிறது. மாசி, பங்குனி, சித்திரை மூன்று மாதமும் ஓடுதளத்தைச் சுற்றிப் புல்லைச் செதுக்கி மண் பட்டை எடுக்காமல் ஒரு விமானமும் மேலே போகாது. வாளி நாலு, தீயணைப்பு உருளை ஒன்று எப்போதும் இருக்கும்.

ஆனி, ஆடியில் நாங்கள் அதிகம் வருவதில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, அந்தப் பக்கம் காற்றாலைகள் நிற்பதே அதை நம்பித்தான். அம்மியே பறக்கிற ஆடிக் காற்றில் ஒரு கிலோ விமானம் எந்தத் திசையில் போகும் என்று யாரும் பொறுப்பு எடுக்க முடியாது. அந்த நாட்களில் பட்டறையில் உட்கார்ந்து உடைந்ததை ஒட்டுவோம், புதிதாகச் செய்வோம். உண்மையைச் சொன்னால் இந்தப் பொழுதுபோக்கில் பறப்பது கால் பங்கு, செய்வதும் ஒட்டுவதும்தான் முக்கால் பங்கு.

சரி, வளர்ந்தவர்கள் இவ்வளவு காசையும் நேரத்தையும் இதில் ஏன் போடுகிறீர்கள் என்று உறுப்பினர் ஒருவர் என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. 1937-ல் அமெரிக்காவில் கலமசூ என்ற ஊரில் இரட்டைச் சகோதரர்கள் இரண்டு பேர், வால்ட் குட், பில் குட், வீட்டிலேயே ரேடியோ செய்து ஒரு விமானத்தைத் தரையிலிருந்து ஓட்டினார்கள். அந்த விமானம் இன்று வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சொத்து. 2003 ஆகஸ்டில் மேனார்ட் ஹில் என்ற பெரியவர், அப்போது அவருக்கு வயது 77, பார்வை ஏறக்குறைய போய்விட்டது, காதும் சரியாகக் கேட்காது, தன் கையால் மரத்தில் செய்த ஒரு விமானத்தைக் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரையிலிருந்து விட்டார். எரிபொருளோடு சேர்த்து ஐந்து கிலோ கூட இல்லை. நடுக்கடலில் ஜிபிஎஸ் வழிகாட்ட, 38 மணி 52 நிமிடம் பறந்து, மூவாயிரம் கிலோமீட்டர் அட்லாண்டிக் கடலைத் தாண்டி அயர்லாந்துக் கரையில் இறங்கியது. அதற்கு முன்னால் அவர் விட்டவை எல்லாம் கரை சேரவில்லை, கைவிடாமல் அடுத்ததைச் செய்தார். கண் சரியாகத் தெரியாத ஒருவர் இப்படி ஒரு விமானத்தைச் செய்திருக்கிறார் என்றால், அந்த ஆசை எவ்வளவு ஆழமானது என்று பாருங்கள். உங்கள் ஊர் இளைஞர்களுக்கு நடிகர் அஜித்குமார் இதே விமானங்களை விடுகிறவர் என்பது தெரியும். 2018-ல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த ஆளில்லா விமானப் போட்டிக்குப் போன குரோம்பேட்டை எம்.ஐ.டி. மாணவர்களின் தக்ஷா குழுவுக்கு அவர் ஆலோசகராக இருந்தார். அதே எம்.ஐ.டி.யில்தான் கலாம் ஐயா விமானப் பொறியியல் படித்தார்.

இதெல்லாம் தூரத்துக் கதை. பக்கத்தில் நடந்ததைச் சொல்கிறேன். போன தை மாதம் உங்கள் பள்ளிப் பிள்ளைகள் நாற்பது பேரை வைத்து ஒரு நாள் கிளைடர், அதாவது என்ஜின் இல்லாமல் மிதந்து போகிற விமானம், செய்யச் சொல்லிக்கொடுத்தோம். தெர்மாகோல் தகடு, கத்தி, பசை, மூக்கில் எடைக்கு ஒரு ரூபாய் நாணயம். ஒன்பதாவது படிக்கிற ஒரு பெண் பிள்ளை விட்டது மேலே எம்பி எம்பி வாலில் விழுந்துகொண்டே இருந்தது. நாங்கள் யாரும் சொல்லவில்லை. அவளே நாணயத்தைப் பிய்த்து, இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளி ஒட்டி விட்டாள், நேராகப் போனது. இன்னும் முன்னால் தள்ளினாள், மூக்கு குத்தியது. திரும்பப் பின்னால். பதினைந்து நிமிடத்தில் ஈர்ப்பு மையம் என்றால் என்ன என்பதை அவள் கண்டுபிடித்துவிட்டாள், அந்தச் சொல் மட்டும்தான் அவளுக்குத் தெரியாது, அதை நாங்கள் சொன்னோம். 1871-ல் பாரிஸில் அல்போன்ஸ் பெனோ என்கிற இளைஞர் ரப்பர் முறுக்கில் ஒரு சின்ன விமானத்தைப் பதினோரு விநாடி பறக்க விட்டபோது, விமானம் தானாக நிலையாகப் பறக்க எடையும் வாலும் எப்படி இருக்க வேண்டும் என்று கண்டுபிடித்தாரே, அதே விஷயம்தான். அந்தப் பிள்ளை இப்போது ஞாயிறுதோறும் பாட்டியோடு வருகிறாள். இரண்டு செட்டை ஒரு வயரால் இணைத்துச் சொல்லிக்கொடுப்போம், அவள் கையில் ஒன்று, எங்கள் கையில் ஒன்று, அவள் தடுமாறினால் நாங்கள் ஒரு சுவிட்சை விட்டதும் விமானம் எங்கள் கைக்கு வந்துவிடும். மூன்று தடவை தரையிறக்கிவிட்டாள். தனியாக விடச் சொல்வோம் என்று இருந்த வாரத்தில்தான் இந்தப் பேச்சு வந்தது.

சட்டத்தைப் பற்றி நீட்டிப் பேச மாட்டேன். 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த ட்ரோன் விதிகளில், 25 கிலோவுக்கு உட்பட்டு, கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், படிப்புக்கோ பொழுதுபோக்குக்கோ விடுகிற மாடல் விமானங்களுக்குத் தனியாகவே ஒரு வகை இருக்கிறது. விமான நிலையத்திலிருந்து 12 கிலோமீட்டருக்கு அப்பால், பச்சை மண்டலத்தில், அதாவது முன் அனுமதி தேவையில்லை என்று குறித்திருக்கிற பகுதியில், 400 அடி உயரம் வரை விடலாம். உங்கள் ஊர் அதற்கு வெகு தூரம் தள்ளி இருக்கிறது. எங்கள் விமானங்களில் பெரும்பாலானவை இரண்டு கிலோவைத் தாண்டாது. ஆனால் சட்டம் வானத்துக்குத்தான். நிலம் உங்களுடையது, நீங்கள் வேண்டாம் என்றால் அந்த விதியைக் காட்டி ஒரு நாளும் வாதாட மாட்டோம்.

கேட்பது இதுதான். ஞாயிறு காலை ஆறு மணி முதல் பத்து மணி வரை மட்டும், ஒரு வருஷத்துக்கு மட்டும், தீர்மானமாக எழுதிக் கொடுங்கள், வருஷ முடிவில் திரும்பப் பேசிக்கொள்ளலாம். வடக்கே வீடுகள் இருக்கிற பக்கம், ஏரிக்கரை வேப்ப மரத்தைத் தாண்டி ஒரு விமானமும் போகக் கூடாது என்று அதிலேயே போடுங்கள். கேமரா கூடாது என்பதையும் போடுங்கள், எங்கள் பெட்டிகளை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கட்டும். ஊரிலிருந்து ஒருவரை நீங்களே நியமியுங்கள், அவர் நிறுத்து என்றால் அந்த நிமிடமே இறக்குவோம், காரணம்கூடக் கேட்க மாட்டோம். நிலத்துக்கு நீங்கள் வைக்கிற கட்டணத்தை ஊராட்சிக் கணக்கில் கட்டி ரசீது வாங்கிக்கொள்கிறோம், தனி ஆள் யார் கையிலும் கொடுக்க மாட்டோம். எங்கள் எல்லோருடைய பெயர், விலாசம், புகைப்படம், யாரிடம் என்ன விமானம் இருக்கிறது என்ற பட்டியல் மன்ற அலுவலகத்தில் இருக்கட்டும். இனி எப்போதாவது ஊருக்கு மேல் ஏதாவது வந்தால் முதலில் எங்களைக் கூப்பிடுங்கள். சத்தத்தை வைத்தும் விளக்கை வைத்தும் அது என்ன வகை, விட்டவர் எவ்வளவு தூரத்துக்குள் நின்றிருக்க வேண்டும் என்று எங்களால் ஓரளவு சொல்ல முடியும். புதன்கிழமை விஷயத்தில் புகார் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் உங்களோடு வந்து நிற்கவும், எழுதிக் கொடுக்கவும் தயார்.

அக்டோபர் 2 வரைக்கும் நாங்கள் அங்கே ஒரு விமானமும் விடப்போவதில்லை. யாரும் சொல்லவில்லை, நாங்களாகவே எடுத்த முடிவு. கம்பத்தில் கட்டியிருக்கிற காற்றுப்பையை மட்டும் கழற்றவில்லை. அந்த ஒன்பதாவது படிக்கிற பிள்ளை தினமும் பள்ளி விட்டு வரும்போது அதைப் பார்த்து, காற்று எந்தத் திசை, எவ்வளவு வேகம் என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கிறாள், ஆவணி முழுக்க எழுதிவிட்டாள். அந்த நோட்டு முடியும்வரை கம்பம் அங்கேயே இருக்க அனுமதி கொடுங்கள்.

இப்படிக்கு,
சங்கத்தின் செயலாளர், மற்ற இருபத்திரண்டு பேர் சார்பாகவும்